ஏயர்கோன் கொண்ட சினம்

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம்மவர் குடும்பங்கள் வைத்தீசுவரன் கோயிலில் குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்தி முடித்ததும், இரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், மேற்கே இரண்டு கல் தொலைவிலுள்ள திருப்புன்கூரைக் காணாமலே திரும்பிவிடுவது வழக்கம். தில்லியில் வாழும் நாங்களும் பல ஆண்டுகள் அவ்வாறு திரும்பியவர்களே. ஒருமுறை வண்டி தாமதம் என்று தெரிந்ததால் கிடைத்த பொழுதில் அங்கே சென்றோம். சிவலோகநாதர் திருமுன்னர் நந்தி நேர் நடுவில் இல்லை, சற்றே ஒதுங்கியிருக்கிறது. திருநாளைப்போவாராகிய நந்தனார் ஆதனூரிலிருந்து வந்து, உள்ளே நுழைய உரிமையின்றி வாயிலுக்கு வெளியே நின்றபொழுது, அவர் கண்ணுக்குத் தோன்றுமாறு இறைவன் நந்தியை விலகியிருக்கச் செய்தான் என்பது வரலாறு. ஆலயத்துப் பேரிகைகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் தந்த கைகள் அவருடையவை. அந்த இசை ஒலிக்கும் இடத்தில் அவர் கால் படக் கூடாது என்றிருந்தது அக்கால உலகம்.

எங்களுடன் வந்த சிறுவன் ஒருவன் நந்தியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அதுவரைக்கும் உள்ளே நின்று சாமி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கோபம் வரவில்லையா?” என்று கேட்டான். பெரியவர்கள் சிரித்தோம். விடை சொன்னோமா என்றால், இல்லை.

அந்தக் கேள்வி வீடு திரும்பிய பின்னும் எங்களை விடவில்லை. நந்தனார் வரலாற்றில் அதற்கு நேரான விடை கிடைப்பது அரிது. கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் சரித்திரக் கீர்த்தனையில் படைத்துக்கொண்ட வேதியர் பாத்திரம் சினப்படுகிறது; ஆனால் அப்பாத்திரம் சேக்கிழாரிடம் இல்லை. தில்லையில் நந்தனார் தீயிற் புக நேர்ந்தது எத்தகைய கருணை என்ற வினாவும் நெடுங்காலமாக எழுப்பப்படுகிறது; அவ்வினா நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். அதனை இங்கே விரிக்கவில்லை. சிறுவனின் கேள்விக்கு விடை தரும் வேறொரு நாயனார் அதே திருப்புன்கூரோடு தொடர்புடையவராக இருக்கிறார் என்பதே நம்மை இக்கட்டுரைக்குத் தூண்டியது. அவர் பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காமர்.

பிறர்மீது இறைவன் இரங்கியதைப் பொறாது வெகுண்ட மனிதர் ஒருவரைத் தமிழிலக்கியத்தில் காட்டச் சொன்னால் நாம் முதலில் காட்டக்கூடியவர் இவரே. திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்த சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணந்தார். பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்தார், பின்னர் அச்சூளுறவை மீறி ஊர் எல்லையைக் கடந்தார், கண்ணொளியை இழந்தார். தட்டுத்தடுமாறி நடந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்று வந்தவருக்குப் பரவையார் வீட்டுக் கதவு திறக்கவில்லை. அப்பொழுது அவர் தம் தோழனாகிய இறைவனையே தூது போகுமாறு வேண்டினார். இறைவனும் நள்ளிரவில் ஆரூர் வீதியில் நடந்து போனான். முதன்முறை அருச்சகர் வடிவில் சென்று மறுக்கப்பட்டுத் திரும்பினான், மீண்டும் சென்றான், ஊடலைத் தீர்த்தான்.

செய்தி கலிக்காமர் செவிக்கு எட்டியது. அவர் கொதித்தார். ஆண்டவனை அடியவன் ஏவுவதா? அதுவும் ஒரு பெண்ணின் ஊடலைத் தணிக்கவா? மாலும் அயனும் காணாத திருவடிகள் ஒருவனுக்காக இரவில் தெருவில் நடந்தன என்று கேட்டும் தம் உயிர் போகவில்லையே என்று நொந்தார். அவனைக் கண்டால் என்ன நேருமோ என்றார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். கலிக்காமர் கொண்டது வெறும் பொறாமை அன்று. வள்ளுவர் அழுக்காறாமை என்று தனி அதிகாரம் வகுத்துக் கடிந்த குணம், பிறன் ஆக்கத்தைக் கண்டு புழுங்குவது. தனக்கும் அது வேண்டும் என்ற ஏக்கம் பெரும்பாலும் அதனுள் ஒளிந்திருக்கும். கலிக்காமர் தம் வீட்டுக்கு இறைவன் தூது நடக்க வேண்டும் என்று கனவிலும் கருதியவர் அல்லர். தமக்காக அவர் ஒன்றும் கேட்கவில்லை. இறைவனுடைய பெருமைக்காக, இறைவனிடமே சினந்தார். அதனால்தான் அச்சினத்தைத் தீயது என்று அவரால் அடையாளம் காண முடியவில்லை. பொறாமைக்கு வெட்கம் உண்டு. அது இருட்டில் பதுங்கும். நியாயத்தின் மேலாடையைப் போர்த்திய மனக்கசப்புக்கோ வெட்கமே இல்லை. அது நிமிர்ந்து நடக்கும். நம்மைப் பார்த்து நாமே மெச்சிக்கொள்ளவும் செய்யும்.

ஆனால் இறைவன் அவருக்குச் சூலை நோயைத் தந்து, அதனைத் தீர்க்க வல்லவன் வன்தொண்டன் ஒருவனே என்று உணர்த்தியபோது, மேலாடை சிறிது விலகுகிறது. நாங்கள் வழிவழியாக உனக்கு அடிமை; நேற்று வந்து ஆட்பட்ட ஒருவனா என் நோயைத் தீர்ப்பது என்ற பொருள்பட அவர் வாதாடுகிறார். பாருங்கள், இறைவனின் பெருமைக்காகத் தொடங்கிய வழக்கு எங்கே வந்து நிற்கிறது! என் பாட்டன், என் தந்தை, நான். இவனோ நேற்று வந்தவன். மூப்புரிமைக் கணக்கு வந்துவிட்டது. திருநாவுக்கரசரையும் சூலைதான் பற்றியது. அவர் தமக்கையார் திலகவதியாரின் கையால் திருநீறு பெற்று நலமடைந்தார். கலிக்காமரோ அந்தக் கையால் நலமடைவதைவிட இந்த வலியோடு இறப்பதே மேல் என்றார்.

மூப்புரிமைக் கணக்கு என்றதும் எங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிழைப்புத் தேடி வடக்கே வந்து அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாய்ச் சேர்ந்த நம்மவர்களுக்கு சீனியாரிட்டிப் பட்டியல் ஏறத்தாழ இன்னொரு வேதம். 1974ஆம் ஆண்டில் நாங்கள் கரோல்பாக்கில் ஒரு பர்சாத்தியில் குடியிருந்தோம். மொட்டைமாடியில் ஒற்றை அறை. மே மாதத்தில் சுவரைத் தொட்டால் கை சுடும். தண்ணீர் மூன்று மாடி ஏறி வர வேண்டும். குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று பதினோராண்டுகள் காத்திருந்தோம். பட்டியலில் எங்கள் எண் மெல்ல மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. அந்நிலையில், பணியில் சேர்ந்து மூன்றாண்டுகூட நிறையாத தமிழர் ஒருவருக்கு, மனைவியின் நோயைக் காரணங்காட்டிய விண்ணப்பத்தின் பேரில், முறை தாண்டி வீடு ஒதுக்கப்பட்டது. “முருகன் கண் திறந்துவிட்டான்” என்று அவர் அலுவலகத்தில் இனிப்பு வழங்கினார்.

அந்த இனிப்பு எங்கள் தொண்டையில் இறங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1973இல் இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் சுவாமிநாதன் கோயில் குடமுழுக்குக் காண்பதற்கு முன்பே மாதந்தோறும் எங்களால் இயன்றதைக் கொடுத்தவர்கள் நாங்கள். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தவர்கள். வீட்டுக்காரரின் மனைவி எங்கள் சமையலின் தாளிப்பு மணத்துக்கு மூக்கைப் பொத்துவதையும் பொறுத்துக்கொண்டவர்கள். இவர் கோயிலுக்குப் பொங்கலன்று வருவார். வந்தால் வாசலோடு போவார். முருகன் திறந்த கண் எந்தப் பக்கம் திறந்தது என்று நாங்கள் எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். யாரைப் பிடித்தாரோ, எவ்வளவு கொடுத்தாரோ என்று பிறரிடமும் பேசினோம். அப்படிப் பேசியபோது நாங்கள் பொறாமைப்படுகிறோம் என்று ஒரு கணமும் எண்ணியதில்லை. முறை பிறழ்கிறதே, நீதி கெடுகிறதே என்றுதான் வருந்தினோம்!

பால் காய்ச்ச அழைத்திருந்தார். போகாவிட்டால் ஊர் பேசும் என்பதற்காகப் போனோம். தரைத்தளத்து வீடு. உள்ளறைக் கட்டிலில் அவர் மனைவி சாய்ந்து அமர்ந்திருந்தார். இதய நோய். நான்கடி நடந்து வந்து எங்களை வரவேற்பதற்குள் மூச்சு வாங்கிற்று. முன்பிருந்த வீட்டில் மாடியேற முடியாமல் ஐந்து மாதங்கள் அவர் தெருவையே பார்க்கவில்லை என்று பின்னர் அறிந்தோம். விடைபெறும்போது நண்பர் வாசல்வரை வந்தார். தணிந்த குரலில், “உங்களைத் தாண்டி வந்துட்டேன் சார். ஆர்டர் வந்த நாளிலிருந்து உங்க முகத்தைப் பார்க்கவே பயமா இருந்தது” என்றார்.

அந்த அச்சத்தை அப்பொழுது நாங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கலிக்காமர் வரலாற்றை மீண்டும் படித்தபோதுதான் புரிந்தது. கலிக்காமர் சினந்தார் என்று கேள்விப்பட்ட சுந்தரர் என்ன செய்தார்? இறைவனே என் பக்கம், அவர் சினம் என்னை என்ன செய்யும் என்று இறுமாந்தாரா? இல்லை. தாம் செய்தது பிழையே என்று உணர்ந்தார், அஞ்சினார், அவர் சினத்தைத் தணித்தருள வேண்டும் என்று இறைவனிடமே முறையிட்டார். வெகுண்டவரிடம் இல்லாத கூச்சம் அருள் பெற்றவரிடம் இருந்தது. பிறருக்குக் கிடைத்த கருணையைப் பற்றிய செய்திதான் நம்மை எட்டுகிறது. அதற்குமுன் அவர் நடந்த இருட்டு எட்டுவதில்லை. கண்ணிழந்து ஒற்றியூரிலிருந்து கச்சிக்கும் ஆரூருக்கும் நடந்த சுந்தரரைக் கலிக்காமர் அறியார். நள்ளிரவுத் தூதை மட்டுமே அறிந்தார்.

இன்னொன்றும் உண்டு. சேக்கிழார் நிகழ்ச்சிகளை அமைத்துள்ள வரிசைப்படி, தேவாசிரிய மண்டபத்து அடியார்களைக் கண்டு சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடியது இந்த வழக்குக்கெல்லாம் நெடுநாள் முன்பு. அத்தொகையில் தாம் யார் யாருக்கு அடியேன் என்று அவர் அடுக்கிய பெயர்களுள் கலிக்காமர் பெயரும் இருக்கிறது. தம்மை வெறுக்கப்போகிறவருக்குத் தம்மை முன்னமே அடிமையாக்கி எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கொள்ளலாம். கலிக்காமர் பெயரால் அமைந்த புராணம் நானூறு பாடல்களுக்கு மேல் நீள்வது. அவற்றுள் பெரும்பகுதி சுந்தரர் வரலாறே. தம் பெயர் தாங்கிய புராணத்திலும் அந்த மனிதருக்குத்தான் இடம் மிகுதி என்று அவர் கண்டால் இன்னொரு முறை சினந்திருப்பாரோ என்று நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு.

விவிலியத்திலும் இதையொத்த வழக்குகள் இருப்பதைக் கிறித்தவ அன்பர்கள் அறிவர். மாலையில் வந்து ஒரு மணி நேரமே உழைத்தவனுக்கும், பகல் முழுதும் வெயிலில் வெந்தவனுக்கும் திராட்சைத் தோட்டக்காரர் ஒரே கூலி கொடுக்கிறார்; காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பேசிய கூலியில் அவர்களுக்கு ஒரு காசும் குறையவில்லை. அடுத்தவன் கையைப் பார்த்த பிறகுதான் தங்கள் கையிலிருந்த காசு சிறுத்துப்போயிற்று. ஊதாரி மகன் திரும்பி வந்த வீட்டில் விருந்தும் ஆடலும் நடக்க, இத்தனை ஆண்டு உழைத்த மூத்தவன் வெளியே நிற்கிறான். தந்தையே எழுந்து வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா? அக்கதை அதைச் சொல்லாமலே நின்றுவிடுகிறது. ஏயர்கோன் வரலாறு அந்த வாயிற்படியைத் தாண்டி நடக்கிறது. அதனாலேயே அதனை நாம் விரும்புகிறோம்.

எப்படித் தாண்டியது? இறைவன் கலிக்காமரிடம் தத்துவம் பேசி வெல்லவில்லை. என் பொருளை என் விருப்பப்படி கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்று கேட்கவும் இல்லை. யார்மேல் அவருக்குச் சினமோ அந்த மனிதனை அவர் வீட்டுக்கே அனுப்பிவைத்தான். சுந்தரர் வருகிறார் என்று கேட்டதும் கலிக்காமர் உடைவாளால் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாண்டார். நோயோடு தாமும் தீர்ந்துவிட்டால் அவன் வந்து தீர்க்க ஒன்றும் இராதன்றோ! கசப்பு முற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட அஞ்சத்தக்க சான்று வேண்டியதில்லை. வந்த சுந்தரர் நடந்ததைக் கண்டார். இவர் வழியே நானும் போவேன் என்று அதே வாளைப் பற்றினார். அக்கணத்தில் இறையருளால் உயிர்த்தெழுந்த கலிக்காமர் அந்த வாளைப் பிடித்துக்கொண்டார். சுந்தரர் அவர் காலில் விழ, அவரும் சுந்தரர் காலில் விழுந்தார். பின் இருவரும் தழுவிக்கொண்டனர்.

வாதத்தால் தீராதது நேரிற் கண்டதால் தீர்ந்தது. நேற்று வந்தவன் என்று தாம் இகழ்ந்தவன், தமக்காகச் சாகத் துணிந்து நிற்பதைக் கலிக்காமர் கண்ணாற் கண்டார். வாளைப் பிடிக்க நீண்ட அந்தக் கை மூப்புரிமையைக் கணக்கிடவில்லை. மன்னிப்பது என்று முடிவு செய்து மன்னித்ததாகவும் தெரியவில்லை. ஒருவன் வீழப்போகிறான் என்று கண்டதும் கை தானே நீண்டது, கசப்பு எங்கோ கைதவறி விழுந்துவிட்டது. எங்கள் பர்சாத்திக் கசப்பும் அப்படித்தான். நாங்கள் அதை விட்டுவிட முயன்றதாக நினைவில்லை. அந்த அம்மையார் நான்கடி நடந்து மூச்சுவாங்கியதைப் பார்த்தோம். வீடு திரும்பும் பேருந்தில் அந்தக் கசப்பைத் தேடினால் கிடைக்கவில்லை. அதன்பின் இரண்டாண்டுகள் அதே மொட்டைமாடியில்தான் இருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவரின் சூடு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இவ்வளவும் கையில் ஓரளவு உள்ளவர்களுக்குப் பொருந்தும் பேச்சு. பெற்றவர்களுக்குப் பக்கத்திலேயே இழந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் என்ன சொல்வது? ஒரே தெருவில், ஒரே வாரத்தில், ஒரே காய்ச்சல் இரண்டு குழந்தைகளைப் பற்றியதை நாங்கள் கண்டிருக்கிறோம். ஒன்று பிழைத்தது, ஒன்று போயிற்று. பிழைத்த குழந்தையின் வீட்டார் நன்றிக்கடனாக அர்ச்சனை செய்து தெரு முழுதும் பிரசாதம் கொடுத்தார்கள். இழந்த தாய் அன்று கதவைத் திறக்கவில்லை. அதைப் பொறாமை என்றோ, இறைவனிடம் வைத்த கசப்பு என்றோ பெயரிட எவருக்கும் உரிமை இல்லை. அத்தாய்க்குத் தோட்டக்காரரின் கூலிக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை; அவர் கையில் காசே விழவில்லை. அவரிடம் போய்க் கசப்பை விடுங்கள் என்று உபதேசம் செய்பவர், கொடுத்த பிரசாதத்தைத் தாமே தின்றுவிட்டு வாயை மூடியிருப்பது நன்று. பிரசாதத்தை அந்தக் கதவுவரை கொண்டுபோனவர்கள், அன்று அதைத் தவிர்த்திருக்கலாமே என்றுதான் எங்களுக்குத் தோன்றிற்று. பெற்றவர்கள் தம் நன்றியைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்லலாகாதா? சுந்தரரின் அச்சத்தை நாம் பெரிதாகப் பேசியது இதனால்தான்.

இழந்தவர்களைப் பற்றி எண்ணும்போது கலிக்காமரின் மனைவியார் நினைவுக்கு வருகிறார். அவர் மானக்கஞ்சாற நாயனாரின் மகள். மணநாளன்று வந்த மாவிரத முனிவர், மணப்பெண்ணின் கூந்தல் தமக்குப் பஞ்சவடிக்கு ஆகும் என்று கேட்க, தந்தை அதை அடியோடு அரிந்து கொடுத்தார். முனிவராய் வந்தவன் இறைவன் என்று பின்னரே தெரிந்தது. கொடுப்பதா என்று பெண்ணை எவரும் கேட்டதாகச் செய்தி இல்லை. அதே பெண், கணவர் குடல் சரிந்து கிடக்க, தாமும் உடன் மாய எண்ணியிருந்த வேளையில், சுந்தரர் அருகில் வந்துவிட்டார் என்று கேட்டு, எவரும் அழக்கூடாது என்று வீட்டாரை அடக்கி, உடலை மறைத்து, விளக்கும் நிறைகுடமும் வைத்து வரவேற்கச் செய்தார். கணவர் எவர் பொருட்டு இறந்தாரோ அவருக்கு வரவேற்பு! இதை எல்லாரிடமும் எதிர்பார்ப்பது கொடுமை. எம்மால் ஆகாது என்பதையும் மறைக்கவில்லை. ஆயினும் கலிக்காமரும் சுந்தரரும் மாறி மாறிக் காலில் விழுந்த அந்தக் காட்சி நடப்பதற்கு வாயிற்கதவைத் திறந்து வைத்தவர் அவரே. புராணம் அவருக்கு ஒரு பெயர்கூடத் தரவில்லை.

நண்பர்களான இருவரும் பெருமங்கலத்திலிருந்து புறப்பட்டு முதலில் வணங்கச் சென்ற இடம் திருப்புன்கூர். ஒதுங்கிய நந்தி இருக்கும் அதே கோயில். கலிக்காமர் அதன்பின் சுந்தரருடன் திருவாரூருக்கும் சென்றார்; சில நாள் அங்கே உடனிருந்தார்; பிறகு விடைபெற்றுத் தம் ஊருக்குத் திரும்பினார். ஆரூர்க் கோயிலிலிருந்து பரவையார் மாளிகைக்குப் போகும் வீதி, இறைவன் அன்று நள்ளிரவில் போயும் வந்தும் நடந்த வீதிதான். எந்த நடையைக் கேட்டுத் தம் உயிர் போகவில்லையே என்று நொந்தாரோ, அந்த மண்ணில் அந்நாட்களில் அவரும் சுந்தரரோடு நடந்திருப்பார்.